ஓவி9281: ஓடும் பெட்டியின் பார்கோடைப் படிக்க ஒரு மெகாபிக்சல் சென்சார்

ஓம்னிவிஷன் நிறுவனத்தின் ஓவி9281 சென்சார் பொருத்தப்பட்ட கருப்பு வெள்ளைக் கேமரா பலகை ஒன்றைப் பல மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கன்வேயரில் ஓடிவரும் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் பார்கோடுகளையும் கியூஆர் கோடுகளையும் பெட்டியை நிறுத்தாமலே படிக்க வேண்டும் என்பதுதான் நான் அதற்குக் கொடுத்த வேலை. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. இதே தேவையோடு யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். ஆனால் சென்சாரை வாங்கி மாட்டிவிட்டால் போதும் என்று நம்பித் தொடங்கியவன் நான் என்பதால், எது சென்சாரின் வேலை, எது விளக்கின் வேலை, எது பலகையைத் தயாரித்தவரின் பொறுப்பு என்று பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது என்று கருதுகிறேன்.

முதலில் அளவுகள். குறுக்கே 1280, நெடுக்கே 800 பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலும் 3 மைக்ரோமீட்டர். கால் அங்குல வகை. முழுப் படத்தையும் வினாடிக்கு 120 முறை தருகிறது. எல்லாப் பிக்சல்களும் ஒரே கணத்தில் திறந்து ஒரே கணத்தில் மூடும் குளோபல் ஷட்டர் இதில் உண்டு. ஒரு மெகாபிக்சல்தானா என்று கேட்காதவர்கள் குறைவு. கைப்பேசிக் கேமராக்கள் பல மடங்கு பிக்சல் தரும் காலத்தில் அந்தக் கேள்வி எழுவது இயல்பே. நானும் அப்படி எண்ணித்தான் முதலில் எட்டு மெகாபிக்சல் கொண்ட சாதாரண ரோலிங் ஷட்டர் கேமராவைக் கன்வேயருக்கு மேலே மாட்டினேன்.

அந்தக் கேமரா எடுத்த படங்கள் பார்வைக்கு அழகாகவே இருந்தன. நின்றிருக்கும் பெட்டியில் மிகச் சிறிய எழுத்தையும் படிக்க முடிந்தது. கன்வேயர் ஓடத் தொடங்கியதும் கியூஆர் கோடின் மூன்று மூலைச் சதுரங்களும் சாய்சதுரங்களாயின. சீட்டின் மேல் விளிம்பு ஓரிடத்திலும் கீழ் விளிம்பு வேறோரிடத்திலுமாக இழுபட்டு நின்றன. காரணம் எளிது. ரோலிங் ஷட்டர் படத்தை வரிவரியாகப் பதிகிறது. வினாடிக்கு 30 படம் தரும் கேமரா முதல் வரியிலிருந்து கடைசி வரிக்கு வர ஏறத்தாழ 33 மில்லிவினாடி எடுத்துக்கொண்டால், வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகும் பெட்டி அதற்குள் 33 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். கடைப் பொருள்களில் வழக்கமாகக் காணும் ஈஏஎன்-13 பார்கோடை முழு அளவில் அச்சிட்டால் அதன் அகலமே, இருபுறமும் விடவேண்டிய வெற்றிடத்தையும் சேர்த்து, 37.29 மில்லிமீட்டர்தான். ஒரு பார்கோடின் அகலத்துக்குப் படம் கோணினால் எந்த மென்பொருளும் தடுமாறத்தான் செய்யும்.

குளோபல் ஷட்டர் இந்தக் கோணலை முற்றிலும் நீக்கிவிடுகிறது. ஆனால் கோணல் வேறு, மங்கல் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழப்பத்தில் நானும் இருந்தேன். பிக்சல் திறந்திருக்கும் நேரத்தில் பொருள் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவுக்குப் படம் தீற்றிக்கொள்ளும். ஷட்டர் எந்த வகையாக இருந்தாலும் இது மாறாது. அதே ஒரு மீட்டர் வேகத்தில், ஒரு மில்லிவினாடி திறந்திருந்தால் பெட்டி ஒரு மில்லிமீட்டர் நகரும். ஈஏஎன்-13 பார்கோடில் மிக மெல்லிய கோட்டின் அகலம் 0.33 மில்லிமீட்டர் என்பதால், மூன்று கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து சாம்பலாகிவிடும். திறப்பு நேரத்தை 100 மைக்ரோவினாடிக்குக் குறைத்தால் நகர்வு 0.1 மில்லிமீட்டராகச் சுருங்கிக் கோடுகள் பிரிந்து தெரியும். கோடுகள் நீளும் திசையிலேயே பெட்டி நகர்ந்தால் தீற்றல் ஒவ்வொரு கோட்டின் நீளத்துக்குள்ளேயே அடங்கிவிடும் என்பதால், சீட்டைச் சரியான திசையில் ஒட்டச் சொல்லி ஒற்றைப்பரிமாண பார்கோடுகளுக்குத் தப்பித்துக்கொள்ளலாம். கியூஆர், அதைப் போன்றே சிறு கட்டங்களால் ஆன டேட்டா மேட்ரிக்ஸ் ஆகியவற்றுக்கு அந்த வழி இல்லை. இரு திசையிலும் கட்டங்கள் இருப்பதால் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் பாதிப்புதான்.

திறப்பு நேரத்தைக் குறைத்தால் ஒளியும் அதே அளவுக்குக் குறையும் என்பதுதான் அடுத்த சிக்கல். அறை வெளிச்சத்தில் 10 மில்லிவினாடி எடுத்துக்கொண்ட படத்தை 100 மைக்ரோவினாடியில் எடுக்க வேண்டுமானால் நூறு மடங்கு ஒளி வேண்டும். அவ்வளவு ஒளியைத் தொடர்ந்து எரியவிட்டால் எல்இடி சூடாகும். பக்கத்தில் வேலை செய்பவர்களின் கண் கூசும். சென்சார் திறந்திருக்கும் அந்த 100 மைக்ரோவினாடிக்கு மட்டும் விளக்கைப் பளிச்சிட வைத்தால் இரண்டு தொல்லையும் இல்லை. வினாடிக்கு 60 படம் எடுத்தாலும் விளக்கு மொத்தத்தில் எரிவது 6 மில்லிவினாடிதான். இதை ரோலிங் ஷட்டரோடு செய்ய முடியாது. அதில் ஒவ்வொரு வரியும் வெவ்வேறு நேரத்தில் திறப்பதால், 100 மைக்ரோவினாடி மின்னலில் சில வரிகள் மட்டும் ஒளிபெற்று மற்றவை இருண்டிருக்கும். குளோபல் ஷட்டர் பார்கோடு படிப்பவருக்குத் தரும் உண்மையான பயன் இதுதான் என்பது என் கருத்து: கோணலை நீக்குவதைவிட, மிகக் குறுகிய மின்னல் ஒன்றால் முழுப் படத்தையும் ஒளியூட்ட இடம் கொடுக்கிறது. ஆகவே சென்சாரையும் விளக்கையும் இரண்டு பொருள்களாக நினைத்துத் தனித்தனியே தேர்ந்தெடுப்பது தவறு. இரண்டும் சேர்ந்ததே படிக்கும் கருவி.

ஓவி9281 இதற்கென்றே ஸ்ட்ரோப் சைகை ஒன்றை வெளியிடுகிறது. பிக்சல்கள் திறக்கும்போது விளக்கை ஏற்றச் சொல்லும் சைகை அது. நான் முதலில் வாங்கிய பலகையின் பின்புறத்தில் ஸ்ட்ரோப் என்று அச்சிட்ட செம்புப் புள்ளியும் இருந்தது. கம்பியைப் பற்றவைத்து, விளக்குக்கு மின்னோட்டம் தரும் டிரைவர் சுற்றோடு இணைத்து, சென்சாரின் அமைப்புகளைத் தீர்மானிக்கும் பதிவகங்களை எல்லாம் எழுதி முடித்த பிறகும் விளக்கு எரியவில்லை. என் நிரல்தான் தவறு என்று எண்ணிப் பல நாள்கள் அதையே திருத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் பூதக்கண்ணாடியின் கீழ் பலகையை வைத்துத் தடத்தைப் பின்தொடர்ந்தபோது, அந்தப் புள்ளியிலிருந்து புறப்பட்ட மெல்லிய செம்புத் தடம் சென்சாரை நோக்கி ஒரு விரலளவு சென்று, அங்கே மின்தடையம் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருப்பதைக் கண்டேன். வடிவமைப்பில் இடம் ஒதுக்கிவிட்டுத் தயாரிக்கும்போது அந்தத் துண்டைப் பொருத்தாமல் விட்டிருக்கிறார்கள். மின்சுற்றுப் படத்தைக் கேட்டதற்குத் தர இயலாது என்ற பதிலே வந்தது. ஒரு துளி ஈயத்தால் அந்த இடைவெளியை இணைத்த பிறகு ஆஸிலோஸ்கோப்பில் முதல் துடிப்பு வந்தது. அது 1.8 வோல்ட் சைகை என்பதால், விளக்கின் டிரைவருக்கு ஏற்ற அளவுக்கு உயர்த்த இடையில் ஒரு டிரான்சிஸ்டரும் தேவைப்பட்டது. இந்தக் குறையைச் சென்சாரின் கணக்கில் எழுத மாட்டேன். பலகை வாங்கும் எவரும் ஸ்ட்ரோப், வெளியிலிருந்து படம் எடுக்கச் சொல்லும் ட்ரிகர் ஆகிய இரண்டு இணைப்புக் கால்களும் உண்மையிலேயே வெளியே கொண்டுவரப்பட்டிருக்கின்றனவா என்றும், எத்தனை வோல்ட்டில் இயங்குகின்றன என்றும் எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே வாங்க வேண்டும். பிக்சல் எண்ணிக்கையைவிட எனக்கு இந்தக் கேள்வி முக்கியமாகிவிட்டது.

இனி அந்த ஒரு மெகாபிக்சல் போதுமா என்பதற்கு வருகிறேன். சென்சாரின் அகலம் 1280 பிக்சலை 3 மைக்ரோமீட்டரால் பெருக்கினால் 3.84 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள எம்12 லென்ஸை, அதாவது 12 மில்லிமீட்டர் திருகு கொண்ட சிறு லென்ஸை, மாட்டி, பொருளை 20 சென்டிமீட்டர் தொலைவில் வைத்தால் குறுக்கே சுமார் 124 மில்லிமீட்டர் பரப்பு தெரியும். அப்போது ஒரு பிக்சல் பொருளின்மேல் 0.1 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடத்தைப் பார்க்கிறது, 0.33 மில்லிமீட்டர் கோடு மூன்று பிக்சலுக்குச் சற்று அதிகமாக விழுகிறது. ஒரு கோட்டுக்கு இரண்டு மூன்று பிக்சல் கிடைத்தால் நல்ல மென்பொருள் படித்துவிடும். அதைத் தாண்டிக் கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு பிக்சலும் கணிப்பொறிக்குச் சுமையைத்தான் கூட்டுகிறது. மேலே சொன்ன 100 மைக்ரோவினாடி நகர்வும் இதே 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு பிக்சல். லென்ஸ், வேகம், திறப்பு நேரம் மூன்றும் இப்படி ஒன்றோடொன்று பொருந்தும்போது கருவி அமைதியாக வேலை செய்கிறது.

வினாடிக்கு 120 படம் என்பதன் மதிப்பும் இந்தக் கணக்கில்தான் தெரியும். 124 மில்லிமீட்டர் பரப்பில் 37 மில்லிமீட்டர் பார்கோடு முழுமையாகத் தெரியும் தொலைவு 87 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் வேகத்தில் அது 87 மில்லிவினாடி. 30 படம் தரும் கேமராவுக்கு அதற்குள் இரண்டு வாய்ப்பே கிடைக்கும்; இந்தச் சென்சாருக்குப் பத்து. சீட்டின் பளபளப்பான மேற்பரப்பில் விளக்கின் பிம்பம் ஒரு படத்தில் கோடுகளை மறைத்தாலும், அடுத்தடுத்த படங்களில் பெட்டி நகர்ந்துவிடுவதால் பிம்பம் வேறிடத்துக்குப் போய்விடுகிறது. விளக்கை நேர்மேலே வைக்காமல் சற்றுச் சாய்த்து வைப்பதும் இதற்கு உதவும்.

லென்ஸைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் என் நேரத்தை அதிகம் தின்றது அதுதான். எம்12 லென்ஸின் திருகு ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும். தொடுவானத்தைத் தெளிவாகக் காட்டும் நிலையிலிருந்து 20 சென்டிமீட்டர் தொலைவுக்கு வர இந்த 6 மில்லிமீட்டர் லென்ஸ் நகரவேண்டியது 0.19 மில்லிமீட்டருக்கும் குறைவே. மூன்றில் ஒரு சுற்றைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். கை நடுங்கினால் தெளிவு போய்விடும். தெளிவு கிடைத்ததும் பூட்டும் வளையத்தை இறுக்கப் போனால் லென்ஸும் கூடவே சற்றுத் திரும்பிவிடுகிறது. வளையத்தை முக்கால் இறுக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசித் திருத்தத்தை லென்ஸை இறுக்கும் திசையிலேயே செய்து முடிக்கும் பழக்கம் எனக்குப் பல தடவை தோற்ற பிறகே வந்தது.

லென்ஸின் ஒளித்துளை அளவும் கணக்கை மாற்றுகிறது; எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும். எஃப்/2.8 துளையில், இரண்டு பிக்சல் மங்கலைப் பொறுத்துக்கொண்டால், 18 சென்டிமீட்டரிலிருந்து 22 வரையே தெளிவு. உயரம் மாறிமாறி வரும் பெட்டிகளுக்கு இது போதாது. எஃப்/8 என்றால் ஏறத்தாழ 16-இலிருந்து 27 சென்டிமீட்டர் வரை விரிகிறது. விலையாக எட்டு மடங்கு ஒளியைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மின்னல் விளக்கு வலுவாக இருந்ததால் அந்த விலையைக் கொடுக்க முடிந்தது. ஆனால் எஃப்/8-ஐத் தாண்டிச் சுருக்குவதில் பயனில்லை. சிறு துளையில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால், அந்தத் துளையிலேயே சிவப்பு ஒளியின் ஒரு புள்ளி சென்சாரின்மேல் 13 மைக்ரோமீட்டர் அளவுக்கு, அதாவது நான்கு பிக்சலுக்கும் அதிகமாகப் படர்கிறது. எம்12 லென்ஸ்களில் துளையைப் பின்னால் மாற்றும் வசதி பெரும்பாலும் இருப்பதில்லை. வாங்கும்போதே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

ஓவி9281 கருப்பு வெள்ளை மட்டுமே தருவதை ஒரு குறையாகச் சிலர் சொல்கிறார்கள். பார்கோடு படிக்க அது பெரும் நன்மை. வண்ணச் சென்சாரில் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான் சிவப்பு வடிகட்டி உடையது. 660 நானோமீட்டர் சிவப்பு எல்இடியால் ஒளியூட்டினால் மற்ற மூன்றும் ஏறத்தாழ இருண்டே இருக்கும். வாங்கிய பிக்சல்களில் முக்கால் பங்கு வீணாகும். கருப்பு வெள்ளையில் எல்லாப் பிக்சலும் உழைக்கும். ஒளியின் நிறத்தைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் அச்சிட்ட கோடுகள் சிவப்பு விளக்கின் கீழ் மறைந்துவிடும். அகச்சிவப்பு விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் தொந்தரவின்றி இருந்தாலும், வெப்ப அச்சுத்தாளில் விழும் கருமை சாயத்தால் ஆனது. 850 நானோமீட்டரில் அது பெரும்பாலும் ஒளியை உள்ளே விட்டுவிடுவதால், கண்ணுக்குக் கன்னங்கரேலென்று தெரியும் சீட்டு கேமராவுக்கு வெற்றுத்தாளாகத் தெரியலாம். எந்த மையில் அச்சிட்ட சீட்டுகள் வரும் என்று உறுதியில்லாத இடத்தில் வெள்ளை விளக்கே பாதுகாப்பானது என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன்.

நேரடி வெயில் விழும் இடத்தில் எந்த குளோபல் ஷட்டர் சென்சாரையும் சோதித்துப் பார்த்தே மாட்ட வேண்டும். 100 மைக்ரோவினாடியில் திரட்டிய மின்னேற்றம், படித்து முடிக்கும்வரை பிக்சலுக்குள்ளேயே ஒரு மறைவிடத்தில் காத்திருக்கிறது. 120 படம் என்ற வேகத்திலும் கடைசி வரி 8 மில்லிவினாடி வரை, அதாவது திறந்திருந்த நேரத்தைப்போல எண்பது மடங்கு, காத்திருக்க நேரும். அந்த மறைவிடத்தில் ஒளி சிறிதளவு கசிந்தாலும் படத்தின் ஒரு பக்கம் வெளுத்துத் தெரியும். நிழலான இடத்தில் இது பொருட்டே இல்லை.

எனக்கு இன்னும் முழு நிறைவு தராதது கைப்பேசித் திரையில் காட்டப்படும் கியூஆர் கோடுதான். திரைக்கு மின்னல் விளக்கு உதவாது. கண்ணாடியில் பிரதிபலித்துக் கெடுதலே செய்யும். பல ஓஎல்இடி திரைகள் வெளிச்சத்தைக் குறைப்பதற்காக வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன; 100 மைக்ரோவினாடித் திறப்பு அந்த அணைந்த கணத்தில் மாட்டினால் கோடின் குறுக்கே கரும்பட்டை ஒன்று விழுகிறது. ஆகவே ஒரு படத்தைக் குறுகிய திறப்பு, மின்னலோடும், அடுத்ததை நீண்ட திறப்பு, விளக்கின்றியும் மாற்றி மாற்றி எடுக்கிறேன். பதிவகத்தில் எழுதிய புதிய மதிப்பு உடனே அடுத்த படத்தில் வராமல் தாமதித்தே வருவதால், எந்தப் படம் எந்த அமைப்பில் எடுத்தது என்ற கணக்கை மென்பொருள் தவறாமல் வைத்திருக்க வேண்டும். திறப்பு நேரத்தையும் விரும்பியபடி நுணுக்கி வைக்க முடியாது. ஒரு வரி நேரம், 120 படம் என்ற அமைப்பில் ஏறத்தாழ 9 மைக்ரோவினாடி, என்ற படிகளாகவே அது நகரும். 11 வரி என்று எழுதினால் எனக்கு வேண்டிய 100 கிடைக்கிறது.

மென்பொருள் பக்கத்தில் தொல்லை குறைவு. லினக்ஸ் கெர்னலில் ஓவி9282 என்ற பெயரிலுள்ள டிரைவரே இதையும் இயக்குகிறது. கோடைப் பிரித்துப் படிக்க ஸீக்ஸிங், ஸீபார் போன்ற திறந்த மூல நூலகங்கள் இருக்கின்றன.

இதே அளவில் ஆன்செமி நிறுவனத்தின் ஏஆர்0144 உண்டு. அதுவும் 1280-க்கு 800, 3 மைக்ரோமீட்டர். வேகம் 60 படம். தானே ஒளியை அளந்து திறப்பைச் சரிசெய்யும் வசதி சென்சாருக்குள்ளேயே இருப்பதால், சிறிய செயலியோடு இணைக்கும் கையடக்கக் கருவிக்கு அது பொருத்தம் என்று நினைக்கிறேன். சோனியின் ஐஎம்எக்ஸ்296, 1456-க்கு 1088 பிக்சலோடும் 3.45 மைக்ரோமீட்டர் பிக்சலோடும் இன்னும் அதிக ஒளியைப் பிடிக்கும். ராஸ்பெர்ரி பை நிறுவனம் 2023-இல் வெளியிட்ட குளோபல் ஷட்டர் கேமராவில் இருப்பது இதுவே. வெளி ட்ரிகர் துடிப்பு தாழ்நிலையில் இருக்கும் நேரத்தோடு 14.26 மைக்ரோவினாடியைச் சேர்த்தால் திறப்பு நேரம் வரும் என்று அதன் ஆவணம் தெளிவாக எழுதிவைத்திருப்பதைப் பார்த்தபோது, இப்படி ஒரு வரி என் முதல் பலகைக்கும் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். ஆனால் அது வண்ணக் கேமரா. சிவப்பு விளக்கோடு அதைப் பயன்படுத்துபவர் மேலே சொன்ன முக்கால் பங்கு இழப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும். அகலமான கன்வேயருக்கு, 1920-க்கு 800 என்ற நீள்வடிவில் வரும் டெலிடைன் ஈ2வி நிறுவனத்தின் டோபாஸ் வரிசை கவனிக்கத்தக்கது.

1974 ஜூன் 26 அன்று ஓஹியோ மாநிலத்தின் டிராய் நகரக் கடையொன்றில் ஈஏஎன்-க்கு முன்னோடியான யுபிசி வகையின் முதல் பார்கோடு ஒரு சூயிங்கம் பொட்டலத்திலிருந்து படிக்கப்பட்டது. குறுக்கே ஓடும் ஒரே ஒரு ஒளிக்கோடு போதும் என்ற எண்ணத்தில் வடிவமைக்கப்பட்ட குறி அது. 1994-இல் டென்சோ நிறுவனத்தில் உருவான கியூஆர் கோடுக்கு அந்த ஒளிக்கோடு போதாது. முழுப் படமே வேண்டும். 2027-ஆம் ஆண்டு முடிவதற்குள் கடைகளின் கல்லாக்கள் இருபரிமாணக் குறிகளையும் படிக்கத் தயாராக வேண்டும் என்று பார்கோடு தரங்களை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பு இலக்கு வைத்திருப்பதால், லேசர் கோட்டை மட்டும் நம்பியிருக்கும் கருவிகளின் இடத்துக்கு இப்படிப்பட்ட சென்சார்கள்தான் வரப்போகின்றன.

உலோகத்தில் பொறிக்கப்பட்ட 0.127 மில்லிமீட்டர் கட்டங்கள் கொண்ட டேட்டா மேட்ரிக்ஸ் குறிகளைப் படிக்க வேண்டியவர்களுக்கு என் அமைப்பு உதவாது. 20 சென்டிமீட்டரில் ஒரு கட்டத்துக்கு ஒன்றேகால் பிக்சல்தான் விழும். லென்ஸை மாற்றி இன்னும் நெருங்கினால் பரப்பும் தெளிவு நிற்கும் ஆழமும் சேர்ந்து சுருங்கிவிடுகின்றன. அங்கே இரண்டு மெகாபிக்சலோ அதற்கு மேலோ உள்ள சென்சாரும், பொறித்த பள்ளங்களைப் பக்கவாட்டிலிருந்து எடுத்துக்காட்டும் தாழ்கோண விளக்கும் வேண்டும். அச்சிட்ட சீட்டு, கையெட்டும் தொலைவு, வினாடிக்கு ஒரு மீட்டர் வேகம் என்ற என் தேவைக்கு இந்தச் சென்சாரே போதுமாக இருக்கிறது. அடுத்த கன்வேயருக்கும் இதையே எடுத்துவைத்திருக்கிறேன். பலகை மட்டும் வேறொருவர் செய்தது, ஸ்ட்ரோப் காலில் துடிப்பு வருகிறதா என்று ஆஸிலோஸ்கோப்பில் பார்த்த பிறகே ஏற்றுக்கொண்டது.